சுங்கானில் பழைய வாசனை போகவில்லையா? அறிகுறி பார்த்துச் சுத்தம் செய்யும் வழி

பெருங்காயம் வைத்த டப்பாவைக் கழுவிப் பார்த்தவர்களுக்கு இந்தப் பிரச்சினையைத் தனியாக விளக்க வேண்டாம். டப்பா காலியாகிப் பத்து வருடம் ஆகியிருக்கும். மூடியைத் திறந்தால் வாசனை அப்படியே இருக்கும். மரச் சுங்கானும், அதாவது புகையிலை பிடிக்கும் பைப்பும், அதே ரகம்தான். வெனிலா போட்ட புகையிலையை நாலு மாதம் தொடர்ந்து பிடித்துவிட்டால், அப்புறம் எதைப் போட்டாலும் வெனிலா எட்டிப் பார்க்கும்.

நான் இருப்பது குன்னூரில். தேயிலைத் தோட்ட பங்களாக்களைக் காலி செய்யும்போது பழைய சாமான்களோடு சுங்கான்களும் வெளியே வரும். வெலிங்டன் பக்கம் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள் சிலர் இன்னும் வைத்திருக்கிறார்கள். மாமனாருடைய சுங்கானைச் சரிசெய்யப் போய், அது வாய்வழியாகப் பரவி, இப்போது மாதத்துக்கு நாலைந்து என் மேசைக்கு வந்துவிடுகின்றன. பாதிக்கு மேல் ஒரே புகார்: "கிண்ணத்தைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்துட்டேன், வாசனை போகலை." வாசனை கிண்ணத்தில் இருந்தால்தானே சுரண்டினால் போகும்? பெரும்பாலும் அது தண்டுக்குள், வாய்க்குழாய் வந்து செருகும் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அதனால் நான் எப்போதும் வாய்ப்பக்கத்திலிருந்து ஆரம்பித்துக் கிண்ணத்துக்குப் போகிறேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் புகைப்பதை விட்டு 9 வருடம் ஆகிறது. எவ்வளவு சுத்தமான சுங்கானில் வந்தாலும் புகை அதே கெடுதல் பண்ணும் புகைதான். இங்கே எழுதுவது சாமானைப் பற்றி மட்டும். விட்ட பிறகு மூக்கு கூர்மையானது இந்த வேலைக்கு வசதியாகப் போயிற்று.

பெயர்களை ஒரு முறை சொல்லிக்கொள்வோம். புகையிலை நிரப்பும் பகுதி கிண்ணம். அதிலிருந்து நீளும் மரம் தண்டு. வாயில் வைப்பது வாய்க்குழாய். வாய்க்குழாயின் முனையில் தண்டுக்குள் செருகும் சின்ன முளையை ஆசாரிகள் பாஷையில் கழுந்து என்று சொல்லலாம். உள்ளே படியும் கெட்டிக் கரியைப் பொருக்கு என்றும், கறுப்பாக ஒட்டுவதைப் பிசுக்கு என்றும் சொல்கிறேன்.

கை வைப்பதற்கு முன்

சூடாக இருக்கும்போது வாய்க்குழாயைக் கழற்றாதீர்கள். சூட்டில் மரமும் கழுந்தும் வேறுவேறு அளவில் விரியும். அப்போது முறுக்கினால் கழுந்து ஒடியும், அல்லது தண்டு பிளக்கும். கடைசியாகப் பிடித்து ஒரு நாள் ஆன சுங்கான்தான் வேலைக்கு ஏற்றது. கழற்றும்போது தண்டைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திருகியபடி இழுங்கள். கிண்ணத்தைப் பிடித்து நெம்பாதீர்கள்.

வெளியே வரும் பழுப்புப் பிசுக்கில் நிகோடின் இருக்கிறது. கையுறை போடுங்கள். நனைந்த பஞ்சைக் குழந்தைகளோ நாயோ எட்டும் இடத்தில் போடாதீர்கள். பொருக்கைச் சுரண்டும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஸ்பிரிட். இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். மருந்துக்கடையில் 'சர்ஜிக்கல் ஸ்பிரிட்' என்று கேட்டு வாங்கி ஊற்றிவிடுகிறார்கள். அதில் மெதில் சாலிசிலேட்டும் விளக்கெண்ணெயும் சேர்ப்பது உண்டு. முன்னது வலித் தைலத்தின் வாசனை. வெனிலாவை விரட்டப் போய்த் தைலத்தைக் குடியேற்றின கதையாகிவிடும். மர பாலிஷ் போடுகிறவர்கள் வைத்திருக்கும் டீநேச்சர்டு ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கும். வாயில் வைக்கிற பொருளுக்குப் பக்கத்தில்கூட அது வரக்கூடாது. தின்னர், பெட்ரோல் எல்லாம் பேச்சே இல்லை. ரம், வோட்கா ஊற்றலாமே என்பார்கள். நம்மூர் பாட்டிலில் 42.8 சதவீதம்தான் சாராயம், மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் மரத்தை உப்ப வைக்கும். வோட்காவில் பஞ்சுக் கம்பியை (பஞ்சு சுற்றிய வளையும் கம்பி, பைப் க்ளீனர் என்பார்கள்) நனைத்து வாராவாரம் துடைக்கலாம், ஆழ்ந்த சுத்தத்துக்கு ஆகாது.

நான் வைத்திருப்பது 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால். இனி ஸ்பிரிட் என்று நான் சொல்வதெல்லாம் இதைத்தான். மொபைல் ரிப்பேர்காரர்கள் போர்டு துடைக்க வாங்குவது இதைத்தான். சென்னையில் ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்கும். மிச்சம் எதையும் விடாமல் ஆவியாகும் என்பது அதன் நல்ல குணம். கெட்ட குணம், 12 டிகிரியிலேயே அதன் ஆவி தீப்பிடிக்கத் தயாராகிவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். சாமி விளக்கு, கேஸ் அடுப்பு, லைட்டர் எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

சோதனைக்குழாயில் ஸ்பிரிட்டைக் கொதிக்க வைத்து அதன் ஆவியைச் சுங்கானுக்குள் செலுத்தும் முறை ஒன்று உண்டு. நன்றாக வேலை செய்யும். நான் செய்வதில்லை, உங்களுக்கும் சொல்லமாட்டேன். மெழுகுவர்த்திக்கு மேல் ஸ்பிரிட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க என் வீடு சோதனைச்சாலை இல்லை.

அறிகுறி 1: எதைப் போட்டாலும் பழைய புகையிலையின் வாசனை

முதலில் வாசனை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். வாய்க்குழாயைக் கழற்றி வையுங்கள். மூன்று பஞ்சுக் கம்பிகளை ஸ்பிரிட்டில் லேசாக நனைத்து, ஒன்றை வாய்க்குழாய்க்குள்ளும் ஒன்றைத் தண்டுக்குள்ளும் விட்டு எடுங்கள். மூன்றாவதைக் கிண்ணத்தின் சுவரில் தேயுங்கள். மூன்றையும் வெள்ளைத்தாளில் வரிசையாக வைத்து, எது எதிலிருந்து வந்தது என்று எழுதிவிட்டு எழுந்து போங்கள். கால் மணி நேரத்தில் ஸ்பிரிட் பறந்துவிடும். திரும்பி வந்து ஒவ்வொன்றாக மோந்து பாருங்கள். பத்தில் ஏழு தடவை நடுக்கம்பிதான் கறுப்பாகவும் இருக்கும், வாசனையோடும் இருக்கும்.

*வாய்க்குழாய்க் கம்பியில் வாசனை என்றால்* அதிர்ஷ்டம். வெதுவெதுப்புக்கும் குறைந்த தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். பஞ்சுக் கம்பி வெள்ளையாக வெளியே வரும் வரை விட்டு விட்டு எடுங்கள். அக்ரிலிக் வாய்க்குழாயில் ஸ்பிரிட்டை ஊற வைக்காதீர்கள், நுண்ணிய விரிசல் விடும். உள்ளே 9 மி.மீ. வடிகட்டி போடும் ரகமாக இருந்தால், வடிகட்டியை மாற்றிவிட்டு அதன் அறையையும் துடையுங்கள். ஒருவர் இரண்டு வருடம் ஒரே வடிகட்டியோடு பிடித்துவிட்டு, மரம் சரியில்லை என்று கொண்டுவந்தார். கழுந்து முனையில் உலோகத் துண்டு செருகியிருந்தால் அதையும் கழற்றிக் கழுவுங்கள்.

*தண்டுக் கம்பியில் வாசனை என்றால்* இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். கழுந்து தண்டுக்குள் அடிவரை போய் முட்டுவதில்லை. ஒன்றிரண்டு மி.மீ. இடைவெளி இருக்கும். புகையோடு வரும் ஈரம் அங்கே குளிர்ந்து தங்கி, காய்ந்து, அதன் மேல் அடுத்த ஈரம் தங்கும். பஞ்சுக் கம்பி நடுத்துளை வழியாக நேராக ஓடிவிடுமே தவிர இந்த வட்டத் திட்டைத் தொடாது. "தினமும் கம்பி விடுகிறேனே" என்று சொல்கிறவர்களின் சுங்கானிலும் பிசுக்கு இருப்பது இதனால்தான்.

மூங்கில் குச்சியை உளி மாதிரிச் சீவிக்கொள்ளுங்கள். இரும்பு வேண்டாம், மரத்தைக் கிழிக்கும். தண்டின் உட்சுவரையும் அடியையும் அதனால் மெல்லச் சுரண்டுங்கள். தார் ரோடு போடும்போது ஒட்டுமே, அந்த மாதிரி மினுமினுப்பான ஒன்று சுருளாக வரும். அப்புறம் காது குடையும் பஞ்சுக்குச்சிகளை ஸ்பிரிட்டில் நனைத்துச் சுழற்றுங்கள். முதல் பத்துக் குச்சி கறுப்பு, அடுத்த பத்து டிகாக்‌ஷன் நிறம், அதற்கப்புறம் வெளுத்த டீ. நாற்பது குச்சி வரை போன நாட்கள் உண்டு. கழுந்தின் வெளிப்புறத்தையும் முனையையும் துடைக்க மறக்காதீர்கள்.

நடுத்துளை அடைபட்டிருந்தால் 3.5 மி.மீ. ட்ரில் பிட்டைக் கையாலேயே திருகி விடுங்கள். பெரும்பாலான சுங்கான்களில் துளை 4 மி.மீ. சுமார் இருக்கும். இதற்கு மெஷின் மட்டும் வேண்டாம். ஒரு நொடியில் கிண்ணத்தின் அடியைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்துவிடும்.

இதோடு நிறுத்தி, இரண்டு நாள் காய விட்டு, மறுபடி மூன்று கம்பிச் சோதனை செய்யுங்கள். என்னிடம் வருவதில் பெரும்பாலானவை இந்தக் கட்டத்திலேயே வீட்டுக்குத் திரும்பிவிடும்.

*கிண்ணக் கம்பியில் வாசனை என்றால்* முதலில் பொருக்கைப் பாருங்கள். ஒரு ரூபாய் நாணயத்தின் தடிமன் வரை இருப்பது நல்லது, மரம் கருகாமல் காக்கும். அதற்கு மேல் போனால் வாசனையைப் பிடித்து வைப்பதோடு, சூட்டில் மரத்தைவிட வேறு மாதிரி விரிந்து கிண்ணத்தையே வெடிக்க வைக்கும். வாசனைப் புகாருக்கு அதைத் தாள் அளவுக்குக் குறைத்துவிடலாம். கிண்ணத்தைச் சுரண்டும் கருவியான ரீமர் இருந்தால் சரி. இல்லாவிட்டால் 120 நம்பர் உப்புத்தாளை விரல் தடிமன் குச்சியில் சுற்றி, உள்ளே வட்டமாகத் தேயுங்கள். பேனாக்கத்தி வேண்டாம். கத்தியால் சுரண்டி அடிப்பாகம் சாய்ந்துபோன கிண்ணங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பொருக்கும் போன பிறகு வாசனை நின்றால், அது மரத்துக்குள்ளேயே ஊறியிருக்கிறது. இனி செலவும் நாளும் கூடும். வரிசையாகப் போங்கள்.

முதலில் காபிப் பொடி. சிக்கரி கலக்காததாக இருக்கட்டும், சிக்கரி ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். கிண்ணத்தை நிரப்பி ஒரு வாரம் அப்படியே வையுங்கள். லேசான வாசனை இதில் மங்கிவிடும். மங்கா விட்டாலும் பத்து ரூபாய்தான் நஷ்டம்.

அடுத்து பஞ்சும் ஸ்பிரிட்டும். பஞ்சைத் திரி மாதிரி முறுக்கித் தண்டுக்குள் செருகி, கிண்ணத்தைப் பஞ்சால் இறுக்கமில்லாமல் நிரப்புங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக ஸ்பிரிட் விடுங்கள். விளிம்புக்குக் கீழே நிறுத்துங்கள். வெளியே வழிந்தால் மேல்சாயம் கரைந்து வரும். ஒரு டம்ளர் அரிசியில் கிண்ணம் நேராக நிற்கும்படி ஊன்றி, ராத்திரி முழுக்க விடுங்கள். (அந்த அரிசியைச் சமையலறைக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம்.) ஸ்பிரிட் மரத்துக்குள் போய்ப் பிசுக்கைக் கரைக்கும். ஆவியாகும்போது அதைப் பஞ்சுக்கு இழுத்துவரும். காலையில் பஞ்சு பழுப்பாக இருந்தால் வேலை நடந்திருக்கிறது. இரண்டாம் ராத்திரி புதுப் பஞ்சு. மூன்றாவது ராத்திரிக்கு மேல் நான் போவதில்லை. அப்புறம் குறைந்தது ஒரு வாரம் காற்றாட வையுங்கள்.

பஞ்சுக்குப் பதில் கல் உப்பு போடுவது பழைய முறை, இன்னும் பலர் அதைத்தான் சொல்வார்கள். உப்பு மரத்துக்குள் கரைந்து இறங்கி, காயும்போது மறுபடி பரலாகும். அந்தப் பரல் மரத்தை உள்ளிருந்தே தள்ளும். தலைவலி போய்த் திருகுவலி வந்தது என்பார்களே, அந்த மாதிரி வாசனை போன சுங்கானில் விரிசல் வந்து நிற்கும். மாமனாருடையதில் எனக்கே நடந்தது. பஞ்சால் எல்லாம் முடிகிறபோது உப்பு எதற்கு?

மூன்றாவது, ஆக்டிவேட்டட் கார்பன். மீன் தொட்டி சாமான் விற்கும் கடைகளில் உருண்டையாகக் கிடைக்கும். கிண்ணத்தில் நிரப்பி, வாய்க்குழாய் இல்லாமல், ஓவனில் 80 டிகிரியில் 3 மணி நேரம். கார்பன் ஆவியை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஸ்பிரிட் போட்ட சுங்கான் முழுசாகக் காய்ந்து ஒரு வாரம் ஆகாமல் ஓவன் பக்கமே போகாதீர்கள், தீப்பிடிக்கும். ஓ.டி.ஜி. என்ற வீட்டு மின் ஓவன்கள் பலவற்றில் 100 டிகிரிக்குக் கீழே வராது. உங்களுடையது அப்படியென்றால் இந்த முறையை விட்டுவிடுங்கள். வார்னிஷ் அடித்த சுங்கானும் வேண்டாம், கொப்பளிக்கும். சமையல் ஓவனில் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டால், எங்கள் வீட்டில் அடுத்து சுட்ட கேக்கை யாரும் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் எனக்கென்று ஒரு பழைய ஓவனைக் கொட்டகையில் வைத்திருக்கிறேன்.

எந்த வாசனைக்கு எது என்பதில் என் அனுபவம் இதுதான்: வெனிலா, செர்ரி எல்லாம் ஸ்பிரிட்டுக்கே அடங்கும். லடாக்கியா, அதாவது இலையை விறகுப் புகையில் வாட்டிச் செய்வது, கொஞ்சம் பிடிவாதம். இங்கிலாந்தில் கெண்டல் ஊர்ப் பக்கம் பூ வாசனை சேர்த்துச் செய்யும் புகையிலைதான் எமன். ஒரு தோட்ட மேனேஜரின் சுங்கான் அப்படி வந்தது. பன்னீர் சோப்பு மாதிரி வாசனை. மூன்று ராத்திரி பஞ்சு, ஒரு தடவை கார்பன், பிறகு பத்து நாள் காபி. கடைசியிலும் முகர்ந்தால் ஒரு கல்யாண வீட்டைக் கடந்து போகிற மாதிரி இருந்தது. "பரவாயில்ல தம்பி, இது எங்க அப்பா வாசனை" என்று அவர் வாங்கிக்கொண்டார். இந்த மூன்றும் ஒரு சுற்று முடிந்தும் போகாவிட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த வாசனைக்கு ஒத்துப்போகும் புகையிலைக்கு அந்தச் சுங்கானை ஒதுக்கிவிடுவது மரத்துக்கு நல்லது.

அறிகுறி 2: புளிப்பு, கசப்பு, இழுத்தால் களகளவென்று சத்தம்

இது வாசனைக் கோளாறு மாதிரித் தெரியும், ஆனால் ஈரக் கோளாறு. எளிய காரணம், ஓய்வு கொடுக்காதது. ஒரே சுங்கானைக் காலையும் மாலையும் பிடித்தால் மரம் காயவே காயாது. வாய்க்குழாயில் ஒரு பஞ்சுக் கம்பியை விட்டபடி மூன்று நாள் சும்மா வையுங்கள். பாதிப் புகார் இதிலேயே தீர்ந்துவிடும். அடியில் எரியாமல் தங்கும் ஈரப் புகையிலையை உடனே தட்டி எடுக்கிறீர்களா என்றும் பாருங்கள். கையில் ஒட்டும் அளவுக்கு ஈரமான புகையிலையை நிரப்பினாலும் இதே புளிப்புத்தான் வரும்.

அப்புறமும் வந்தால் தண்டுப் பிசுக்கு. மேலே சொன்ன மூங்கில் குச்சி வேலை.

அதுவும் முடிந்து களகள நிற்காவிட்டால், சுங்கானை முழுசாக மாட்டி, பஞ்சுக் கம்பியை வாய்ப்பக்கமிருந்து கிண்ணம் வரை விடுங்கள். சேரும் இடத்தில் இடித்தால், தண்டின் துளையும் கழுந்தின் துளையும் நேர்க்கோட்டில் இல்லை. இது பிறவிக் கோளாறு, வீட்டில் சரியாகாது. கம்பி தடையில்லாமல் போய், துளை கிண்ணத்தின் அடிக்குக் கொஞ்சம் மேலே திறந்தால், அதன் கீழே குளம் கட்டுகிறது. சுருட்டுச் சாம்பலைத் தண்ணீரில் குழைத்து அந்தப் பள்ளத்தில் வைத்து, துளையை மூடாமல் மட்டப்படுத்தி, இரண்டு நாள் காய விடுங்கள். பழைய வைத்தியம்தான், ஆனாலும் நிற்கும்.

அறிகுறி 3: நாக்கில் கந்தகம், எரிந்த ரப்பர்

வாய்க்குழாய் கறுப்பு மாறிப் பச்சையும் பழுப்புமாக இருக்கிறதா? அப்படியென்றால் அது எபோனைட், கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். வெயில் பட்டு மேல்தோல் மாறிவிட்டது. சந்தேகமாக இருந்தால் துணியால் நன்றாகத் தேய்த்துச் சூடாக்கி மோந்து பாருங்கள். கந்தகம் வந்தால் எபோனைட். அக்ரிலிக் நிறம் மாறாது, வாசனையும் வராது.

முதல் காரணம் ஜன்னலோரத்தில் நிறுத்தி வைத்திருப்பது. இரண்டாவது வெந்நீரில் கழுவியிருப்பது. சுத்தமாகட்டும் என்று கொதிக்கிற தண்ணீரில் முக்கி, எடுத்தபோது பச்சையாகிவிட்டதே என்று பதறி வருகிறவர்கள் உண்டு.

பெயின்ட் கடையில் கிடைக்கும் வாட்டர் பேப்பர் 600, 1000, 2000 மூன்றும் வாங்குங்கள். சின்ன வெள்ளைப் புள்ளியோ முத்திரையோ இருந்தால் அதைச் சுற்றி வேலை செய்யுங்கள், போனால் வராது. பச்சைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். மஞ்சளாகப் பால் வடிவது நிற்கும் வரை 600-ஐ விட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான். தேய்க்கிற நேரம் முழுக்க டயர் பஞ்சர் கடை வாசனை வரும், அதுதான் நாக்கில் பட்டுக்கொண்டிருந்தது. கழுந்தைத் தேய்க்காதீர்கள், லூசாகிவிடும். முடிந்ததும் சோப்பால் கழுவி, மருந்துக்கடை லிக்விட் பாரஃபினை விரல் நுனியில் தொட்டுத் தடவி, ஒரு மணி நேரம் கழித்துத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். எங்கள் ஊர்க் குளிரில் அது துளைக்குள் வெள்ளையாக உறைந்து நிற்கும்.

கடித்துக் கடித்து முனையில் ஓட்டை விழுந்திருந்தாலோ கழுந்து ஒடிந்திருந்தாலோ அது கடைசல்காரர் வேலை. இதற்கு நான் பேனா செய்கிறவர்களிடம்தான் போகிறேன். திருவள்ளூரில் எபோனைட் கம்பியைக் கடைந்து இங்க் பேனா செய்யும் கைத்தொழில் இன்னும் இருக்கிறது. பொருள் அதேதான். "என்ன சார், நிப்பு இல்லாத பேனா கொண்டாந்திருக்கீங்க?" என்று சிரித்தபடி ஒருவர் புதுக் கழுந்து கடைந்து கொடுத்தார். தண்டை மட்டும் கூடவே கொண்டுபோங்கள், அளவு பார்க்க வேண்டுமே.

அறிகுறி 4: பூசண வாசனை

முதலில் சுங்கானை விட்டுவிட்டு அதன் பெட்டியையோ தோல் பையையோ மோந்து பாருங்கள். மழைக்காலத்தில் வரும் நாலில் ஒன்றுக்கு நோய் பையில்தான். சுங்கானைத் துடைத்துத் துடைத்து அதே பையில் திருப்பி வைத்துக்கொண்டிருப்பார்கள்.

சுங்கானிலேயே சாம்பல் நிறப் பூ இருந்தால் வீட்டுக்கு வெளியே வைத்து, ஸ்பிரிட் நனைத்த துணியால் கிண்ணத்தின் உள்ளே துடைத்து, பொருக்கு முழுவதையும் எடுத்துவிடுங்கள். பூசணம் பிடித்த பொருக்கில் எதையும் மிச்சம் வைக்க வேண்டாம். பிறகு இரண்டு ராத்திரி பஞ்சும் ஸ்பிரிட்டும். மரப்பகுதியை மட்டும் இளவெயிலில் காட்டலாம், வாய்க்குழாய் நிழலிலேயே இருக்கட்டும். ஒரு மாதம் திறந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். மறுபடி பூத்தால் மரத்துக்குள் இறங்கிவிட்டது. அலமாரியில் அழகுக்கு வையுங்கள், வாயில் வைக்காதீர்கள்.

அறிகுறி 5: மரம் கருகும் வாசனை

இதைச் சுத்தம் செய்து தீர்க்கப் பார்க்காதீர்கள். புகையிலை எரியாமல் கிண்ணமே எரிகிறது என்று அர்த்தம். பிடிக்கும்போது வெளியே ஒரே இடம் மட்டும் கை வைக்க முடியாமல் சுடுகிறதா, அங்கே சாயம் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். ஆறிய பிறகு உள்ளே அந்த இடத்தைத் தையல் ஊசியால் தொடுங்கள். நல்ல மரம் கல் மாதிரி எதிர்க்கும், கருகிய மரம் ரொட்டித் தோல் மாதிரி உதிரும். உதிர்வது ஒரு மிளகளவு என்றால் கரியை எடுத்துவிட்டுச் சாம்பல் குழைவைப் பூசி, மெதுவாகப் பிடித்துப் பார்க்கலாம். அதற்கு மேல் என்றால் சுங்கான் பழுதுபார்த்தே பழகியவரிடம்தான் போக வேண்டும். விலை அதிகம் இல்லாத சுங்கானுக்கு அந்தச் செலவு கட்டாது.

அறிகுறி 6: சுத்தம் செய்த பிறகு புது வாசனை

ஸ்பிரிட் நெடி என்றால் காயவில்லை. காத்திருங்கள், அந்த நெடி இருக்கும் வரை நெருப்பு வைக்கவே கூடாது. உப்புக் கரித்தால், எங்கேயோ படித்து உப்புப் போட்டிருக்கிறீர்கள். ஈரத்துணியால் உள்ளே பலமுறை துடைத்துக் காய விடுவதைத் தவிர வழியில்லை. புத்தம்புதுச் சுங்கானில் கரியும் சுண்ணமும் கலந்த மாதிரி ருசி வந்தால் அது உள்பூச்சு. சில தடவைகளில் பொருக்கு அதன் மேல் படிந்து மறைத்துவிடும், சுரண்ட வேண்டாம்.

அறிகுறி 7: வாய்க்குழாய் கழலவே இல்லை

பிசுக்கு பசையாகி ஒட்டிவிட்டது. பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் 20 நிமிடம் வைத்துத் திருகிப் பாருங்கள். வராவிட்டால் அறைச்சூட்டுக்கு வந்தபின் கிண்ணப்பக்கமிருந்து தண்டுத் துளையில் நாலு சொட்டு ஸ்பிரிட் விட்டு, தண்டு கீழ்நோக்கி இருக்கும்படி ராத்திரி வையுங்கள். அக்ரிலிக் என்றால் இந்த இரண்டாவது வழி வேண்டாம். இடுக்கி எதற்குமே வேண்டாம்.

மரம் அல்லாதவை

மேலே சொன்னதெல்லாம் ப்ரையர் என்ற மத்தியதரைக்கடல் புதரின் வேர்க்கட்டையில் செய்ததற்கு. துருக்கியின் எஸ்கிஷெஹிர் பக்கம் கிடைக்கும் வெள்ளைக் கல்லில் செய்த மீர்ஷாமுக்கு ரீமரும் ஓவனும் கூடாது. ஒவ்வொரு தடவையும் ஆறியபின் உள்ளே காகிதத்தால் துடைத்து, பொருக்கே படியாமல் பார்த்துக்கொள்வதுதான் முறை. வெளியே ஸ்பிரிட் பட்டால் மேலே ஏற்றியிருக்கும் தேன்மெழுகு கெட்டுப்போகும். மக்காச்சோளத் தக்கைச் சுங்கானை எதிலும் ஊற வைக்காதீர்கள். தண்டை மட்டும் துடைத்துப் பாருங்கள், போகாவிட்டால் புதுசு வாங்குங்கள். களிமண் சுங்கானுக்குத்தான் யோகம். அந்தக் காலத்தில் இரும்புக் கூட்டில் அடுக்கி நெருப்பில் சுட்டே சுத்தம் செய்வார்கள், பிசுக்கு எரிந்து மறுபடி வெளுத்து வரும். இப்போது செய்தால் மெதுவாகச் சூடேற்றி மெதுவாக ஆறவிடுங்கள்.

தண்டில் விரிசல் தெரிந்தால்

பிசுக்கைத் துடைத்த பிறகுதான் பல விரிசல்கள் கண்ணில் படும். அதுவரை பிசுக்கே அடைத்து வைத்திருக்கும். சேரும் இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்தால் ஸ்பிரிட் வேலையை அங்கேயே நிறுத்துங்கள், வாய்க்குழாயை மறுபடி அழுத்திச் செருகாதீர்கள். எனக்குத் தெரிந்த நல்ல வைத்தியம் வெள்ளிப் பட்டை. தண்டின் சுற்றளவுக்கு ஒரு மோதிரம் செய்து தரச் சொல்லி நகை ஆசாரியிடம் போவேன். பற்றவைக்கும் வேலையெல்லாம் சுங்கானைத் தூர வைத்துவிட்டு முடியட்டும், ஆறிய பட்டையைத்தான் மாட்ட வேண்டும். போன மாதம் கர்னல் ஒருவருக்கு இப்படிச் செய்தோம். ஆசாரி தராசில் வைத்து, நாலு கிராமுக்குக் கொஞ்சம் மேலே என்றார். கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு, "விரலுக்கு என்ன வாங்குறேனோ அதே தான் சார்" என்றார்.